சந்தை மூடிய வியாழன்

கானாவின் அபெசோ சந்தையில் தக்காளி வரிசைக்குப் பின்னால், தகரக் கூரைகளுக்கு மேலே, தக்காளி விழுது ஆலையின் புகைபோக்கி எழுந்து நிற்கும். காலையில் வந்து தன் முக்காலியில் உட்கார்ந்ததும் டுஃபியே முதலில் அதைத்தான் பார்ப்பாள், மற்றவர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற மாதிரி. அந்தப் புதன்கிழமையும் அதில் புகை இல்லை. வாரம் பிறந்ததிலிருந்தே இல்லை. அதன் உச்சியில் ஒரு பருந்து உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"பாத்தியா ராணி, குடித்தனம் வந்தாச்சு," என்று எதிர் வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள் ஃபொசுவா. "வாடகை பேசிட்டியா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். டுஃபியேயும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

அவள் தக்காளி ராணி. கிழங்குக்கு ஒரு ராணி, மிளகாய்க்கு ஒரு ராணி, வெங்காயத்துக்கு ஒரு ராணி என்று அந்தச் சந்தையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒருத்தி உண்டு. எந்த லாரி முதலில் ஏற்றுவது, அன்றைக்குப் பெட்டி என்ன விலை, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது, எல்லாம் அவள் வாயிலிருந்து வர வேண்டும். போன ஆண்டு அந்த வாயால்தான் அவள் ஒரு காரியம் செய்தாள். சந்தைப் பெண்களுக்குச் சொந்தமான பழைய லாரி நிலத்தை ஆலைக்குக் கொடுக்கச் சம்மதிக்க வைத்தாள். ஃபொசுவா எதிர்த்தாள். "நிலத்தைக் குடுத்துட்டு லாரிய தலையிலயா நிறுத்தறது?" என்று கேட்டாள். அப்போது டுஃபியே எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்: நம் தக்காளி அந்த ஆலைக்குள் போகாவிட்டால், நானே இந்த முக்காலியை விட்டு இறங்கிவிடுகிறேன்.

ஆலை வந்தது. அதன் மேலாளர் நியார்கோ, தேமா துறைமுகத்துப் பக்கம் வளர்ந்த பையன், வந்த வேகத்தில் வானொலியில் ஓர் அறிவிப்புக் கொடுத்தான். விவசாயிகளே, இடையில் யாருக்கும் காசு போக வேண்டாம், நேராக எங்கள் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு நாள் வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. மூன்றாம் நாள், ஆலை கைபேசியில் அனுப்ப வேண்டிய பணம் வரவில்லை. குமாசி நகருக்குச் சரக்கு ஏற்றும் லாரிக்காரர்களோ நோட்டை எண்ணிக் கையில் வைத்தார்கள். டிராக்டர்கள் திரும்பிப் போயின.

அந்த நியார்கோதான் இப்போது பெட்டிகளுக்கு நடுவே, பளபளக்கும் காலணியில் சேறு படாமல் தாண்டித் தாண்டி வந்துகொண்டிருந்தான்.

டுஃபியே அவனுக்கு ஒரு முக்காலி போடச் சொன்னாள். ஒரு குவளை தண்ணீர் வந்தது. அவன் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ராணியம்மா, தக்காளி வேணும்," என்றான்.

வந்தவர் தண்ணீர் குடித்து, ராணி சேதி கேட்ட பிறகுதான் வாய் திறப்பது அந்த ஊர் வழக்கம்.

"தண்ணியக் குடிக்கல, சேதி கேக்கறதுக்குள்ள சேதிய சொல்லிட்டான்," என்றாள் ஃபொசுவா. "பசி போல."

"விடு, டவுன் புள்ள," என்றாள் டுஃபியே. அவன் பக்கம் திரும்பினாள். "வானொலியிலயே கேளேன் தம்பி. நேத்து வரைக்கும் அதுதானே உனக்குப் பழக்கம்?"

நியார்கோ கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "தப்புதான். இடையில இருக்கறவங்க சும்மா கமிஷன் வாங்கறாங்கன்னு நெனச்சேன். விதை, உரம், பிள்ளைங்க பீஸு, எல்லாத்துக்கும் விவசாயிக்கு முன்பணம் நீங்கதான் தர்றீங்கன்னு யாருமே சொல்லல."

"நீ யாரையுமே கேக்கல."

"கேக்கல," என்று ஒப்புக்கொண்டான். அவன் அதைச் சொன்ன விதம் டுஃபியேவுக்குப் பிடித்திருந்தது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் முதலாளி மேடம் அடோலே தலைநகர் அக்ராவிலிருந்து வருகிறார். கடன் தரப்போகிற வங்கிக்காரர்கள் இரண்டு பேர் வெளிநாட்டிலிருந்து அவருடன் வருகிறார்கள். அன்றைக்கு இயந்திரம் முழு ஓட்டம் ஓடினால் இரண்டாவது வரிசை இயந்திரம் வரும். ஓடாவிட்டால், வெளிநாட்டுத் தக்காளி விழுதைப் பீப்பாயில் இறக்கி, இங்கே டின்னில் மட்டும் அடைப்பார்கள்.

"அப்போ எங்க தக்காளி?"

"வேணாம்னு ஆயிடும்."

டுஃபியே புகைபோக்கியைப் பார்த்தாள். பருந்து இன்னும் அங்கேயே இருந்தது.

"உனக்கு எந்தத் தக்காளி வேணும்? கெட்டியா, வழியில நசுங்காம குமாசி போய்ச் சேர்றதா?"

"இல்லம்மா, அது எங்களுக்கு ஆகாது. நல்லாப் பழுத்து, தொட்டா மெத்துனு இருக்கணும்."

"அதை நாங்க லாரிக்காரன் தள்ளிட்டான்னு ஓடையில கொட்றோம்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நியார்கோ தன்னை அறியாமல் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தான். மத்தியானத்துக்குள் பேச்சு முடிந்தது. கெட்டிக் காய் லாரிக்கு, கனிந்தது ஆலைக்கு. தோட்டத்திலிருந்து எடுத்து வருவது சந்தைப் பெண்கள். பணம் அன்றன்றைக்கே, கையில். ஆலை தரும் நீலப் பெட்டியில் விளிம்பு மட்டத்துக்குத்தான் நிரப்புவார்கள். லாரிப் பெட்டி மாதிரி மேலே மலையாகக் குவிக்க மாட்டார்கள்.

"மலை இல்லாத பெட்டியா?" என்றாள் ஃபொசுவா. "மொட்டத்தலை மாதிரி இருக்குமே. எனக்கு வேணாம். நான் லாரியோடயே இருந்துக்கறேன்."

மறுநாள் வியாழக்கிழமை பெண்கள் நீலப் பெட்டிகளோடு தோட்டங்களுக்குக் கிளம்பினார்கள். அன்று மதியம் ஃபொசுவாவின் அக்கா அச்சியா, தன் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறை கொடுத்துவிட்டு, கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை. இந்தச் சந்தையின் தக்காளி வரிசையில் எல்லோருக்கும் மூத்தவள் அவள். டுஃபியே முக்காலி ஏறிய நாளில் அவள் தோளில் வெள்ளை மாவைப் பூசிவிட்டவளும் அவள்தான்.

சனிக்கிழமை புகைபோக்கி புகைந்தது. பருந்து போய்விட்டது. ஆனால் அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமையே, நியார்கோ மூச்சு வாங்க ஓடி வந்திருந்தான்.

"ராணியம்மா, எட்டாம் நாள் துக்கம் என்னைக்கு?"

"வியாழன்."

அவன் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். தக்காளி வரிசையில் ஒருத்தி இறந்தால், எட்டாம் நாள் இந்தப் பக்கத்தில் ஒரு தக்காளிகூட விற்காது, நகராது. அதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேமாவில் பிறந்தாலும் அவனுடைய அம்மா இந்த ஜனம்தான்.

"ஒரு நாள் தள்ளி வெக்க முடியாதா?"

"செத்தவகிட்ட கேட்டுச் சொல்றேன்."

"புதன்கிழமையே சரக்க உள்ள இறக்கிட்டா?"

"நீதானே கனிஞ்சது வேணும்னே. இந்த வெயில்ல ஒரு ராத்திரி கெடந்தா வியாழக்கெழமை உன் மேடத்துக்கு தக்காளிக் கள்ளுதான் ஊத்தணும்."

"மேடத்த வேற நாள் வரச் சொல்ல முடியாது. அந்த ரெண்டு பேரும் சனிக்கிழமை விமானம் ஏறணும். வெள்ளி மத்தியானம் இங்கேர்ந்து கிளம்பணும்."

டுஃபியே நிமிர்ந்தாள். எதிர் வரிசையில், துக்கத்துக்கான சிவப்புத் துணியைத் தலையில் கட்டியபடி ஃபொசுவா உட்கார்ந்திருந்தாள். அவள் இருவரையும் கவனித்துக்கொண்டிருந்தது, கிண்டலை விடக் கனமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை டிராக்டர்காரன் இசாகு டுஃபியேவிடம் வந்து நின்றான். எல்லாச் சரக்கும் ஏற்றுகிறவன், எல்லாக் குறுக்கு வழியும் தெரிந்தவன்.

"அக்கா, ஆத்துக்கு அந்தப் பக்கம் நம்ம சந்தைக்குக் கட்டுப்பட்டது இல்ல. அங்க சரக்கு கெடக்கு. ஓடைப் பாதையில வந்தா ஆலையோட பின்வாசல். யார் கண்லயும் படாது. நீ சரின்னா போதும்."

"யாரு உன்ன அனுப்பினது? நியார்கோவா?"

"யாரும் அனுப்பல. நீ எறங்கிட்டா அடுத்து ஃபொசுவா அக்காதான் முக்காலில. அவ எனக்கு இன்னும் பழைய பாக்கி தரல," என்று பல்லைக் காட்டினான்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள் டுஃபியே. உடனே முடியாது என்று சொல்லாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவள் தனியாக ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தாள். பின்வாசல் உண்மையாகவே ஒதுக்குப்புறமாக இருந்தது. இருபக்கமும் ஆள் உயரத்துக்குப் புல். தண்ணீரில் தட்டான்கள். ஒரு டிராக்டர் இங்கே வந்து போனால் வாத்துகளுக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை போதும். நிலம் கொடுத்தது வீண் போகாது. இரண்டாவது இயந்திரம் வரும். டின்னின் மேல் கானாவில் விளைந்தது என்று எழுதியிருக்கும். மழைக்காலம் முழுவதும் ஓடையில் சிவப்பாக மிதந்த தக்காளியை அவள் நினைத்துக்கொண்டாள். வருஷா வருஷம் அந்தச் சிவப்பைப் பார்த்து வயிறு எரிந்துதான் அவள் அந்த நிலத்தைக் கொடுக்கச் சொன்னாள்.

பிறகு நிமிர்ந்து பார்த்தாள். புகைபோக்கி அவள் தலைக்கு மேலே நின்றது. அதை எங்கே ஒளித்து வைப்பது? நாளைக்கு அச்சியாவுக்காகப் பந்தல் போட்டு ஊரே உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பந்தலுக்கு மேலேயே புகை போகும். ஒருவேளை யாரும் பார்க்காமல் போகலாம். காற்று வேறு பக்கம் அடிக்கலாம். ஆனாலும் அவள் பார்ப்பாள். தன் சொல்லைத் தானே தாண்டிப் போன ஒருத்தியின் சொல்லை நம்பி யார் மறுநாள் பெட்டியைத் தூக்குவார்கள்?

திரும்பும் வழியில் இசாகுவைப் பார்த்து, "நாளைக்கு டிராக்டர எடுக்காத. சிவப்புத் துணி இருந்தா கட்டிக்கிட்டு வா," என்றாள். நியார்கோவுக்கு ஒரு சேதி மட்டும் சொல்லி அனுப்பினாள்: மேடத்தை ஆலைக்குக் கூட்டிப் போகாதே, நேராகத் துக்கப் பந்தல் போடுகிற கிழங்குத் திடலுக்குக் கூட்டி வா.

வியாழக்கிழமை கிழங்குத் திடல் முழுக்கப் பந்தல். சிவப்பும் கறுப்புமாகச் சந்தைப் பெண்கள், தோட்டக்காரர்கள், சுமைதூக்கிகள், டிராக்டர்காரர்கள். ஒலிபெருக்கியில் மொய் தந்தவர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. திடலை ஒட்டிய சாலையில் குமாசி லாரிகள் காலியாக நீண்ட வரிசையில் நின்றன. விஷயம் தெரியாமல் வந்தவர்கள் பாதி, தெரிந்தும் வாய்ப்புப் பார்க்க வந்தவர்கள் பாதி. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் துணி விரித்துத் தூங்கினார்கள்.

மேடம் அடோலேயின் கார் வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. இறங்கியவர் முதலில் புகைபோக்கியைப் பார்த்தார். அப்புறம் நியார்கோவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். வங்கிக்காரர்கள் இருவரும் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு பின்னால் நின்றார்கள்.

ஆனால் அடோலே அக்ராவின் கடற்கரைத் தெருவில் பிறந்தவர். துக்கப் பந்தலில் எப்படி நடப்பது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலது ஓரத்திலிருந்து தொடங்கி, வரிசையில் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே வந்தார். வங்கிக்காரர்களும் அதையே செய்தார்கள். உயரமானவர் ஒரு தூங்கும் குழந்தையின் கையையும் விடவில்லை. அதைப் பார்த்துப் பந்தலில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. அடோலே மொய் எழுதினார், ஒலிபெருக்கி அதை ஊருக்கெல்லாம் சொன்னது. பிறகு அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து முடிக்கும் வரை டுஃபியே காத்திருந்தாள்.

"இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், ஒருத்தியத் தவிர. வழி நடந்து வந்தவங்க நீங்க. சேதி என்னன்னு சொல்லுங்க."

"சேதி நல்லதா இல்ல," என்றார் அடோலே. "இவ்வளவு தூரம் இவங்களக் கூட்டிட்டு வந்தேன். என் மெஷின் நிக்குது. ஒரு டிராக்டர்கூட வாசல்ல இல்ல. இவங்க என்னை என்ன நினைப்பாங்க?"

"அந்த லாரிங்களப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன்."

"காலி. ஒவ்வொருத்தன் மடியிலயும் கட்டுக் கட்டாப் பணம் இருக்கு. நேத்தைய விலைக்கு ரெண்டு மடங்கு தர்றேன்னு காலையில இருந்து கெஞ்சறாங்க. ஒரு பெட்டி கெடைக்கல. இந்த மாவட்டத்துல எந்தத் தோட்டத்துலயும் இன்னைக்கு ஒரு காய் பறிக்கல. நாளைக்குள்ள வீணாப் போற காயி, ஆனாலும் பறிக்கல."

"யாரு நிறுத்தினது?"

"நான்."

அடோலே வங்கிக்காரர்களிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். உயரமானவர் எழுந்து நின்று லாரி வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். ஏதோ கேட்டார்.

"காவல்துறை வெச்சு நிறுத்தினீங்களான்னு கேக்கறார்," என்றார் அடோலே.

"சொன்னேன், நின்னுடுச்சு. அவ்வளவுதான்."

அடோலேயும் லாரி வரிசைப் பக்கம் திரும்பினார். அப்புறம் முகம் தளர்ந்தது. "எங்கம்மா மீன் வித்தாங்க," என்றார். "செவ்வாய்க்கிழமை கடல்ல யாரும் வலை போடமாட்டாங்க. மீறிப் போறவன் மீனை யாரும் வாங்கமாட்டாங்க. ஆனா அந்த ஆளுங்கதான் புதன்கிழமை விடியறதுக்குள்ள கரையெல்லாம் மீனைக் குவிப்பாங்க." நியார்கோவின் பக்கம் திரும்பினார். "நீ என்கிட்ட சப்ளைன்னு ஒரு படம் வரைஞ்சு காட்டினியே. அதுல இவங்க எங்க இருந்தாங்க?"

"இல்ல மேடம்," என்றான் நியார்கோ.

"நிறுத்தறவங்களாலதான் ஓட வெக்க முடியும். சரி ராணியம்மா, நிறுத்திக் காமிச்சுட்டீங்க. ஓட வெக்கறத இவங்க பாக்கணுமே. நாளைக்கு மத்தியானம் கிளம்பறாங்க. காலையில முடியுமா?"

டுஃபியே மனதுக்குள் கணக்குப் போட்டாள். பறித்து, ஏற்றி, வந்து சேர வேண்டும். இன்றைக்கே எல்லோரிடமும் சொன்னால்தான் காலையில் நடக்கும். இதோ எல்லோரும் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், வருஷத்தில் வேறெந்த நாளும் இப்படி ஒரே இடத்தில் சேர்ந்ததில்லை. ஆனால் துக்கப் பந்தலில் வியாபாரம் பேசக்கூடாது. பந்தல் கலையும் வரை அதை மாற்றிச் சொல்லும் உரிமை இறந்தவளின் வீட்டுக்குத்தான்.

"என்னால சொல்ல முடியாது மேடம்," என்றாள். "இன்னைக்கு இது என் பந்தல் இல்ல. அவ தங்கச்சியோடது."

எல்லோரும் ஃபொசுவாவைப் பார்த்தார்கள். அவள் அக்காவின் படத்துக்குப் பக்கத்தில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். டுஃபியே அவளிடம் எதையும் கேட்கவில்லை, கண்ணாலும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் வியாபாரம்தான். முக்காலி போனால் போகட்டும் என்று அந்தக் கணத்தில் அவளுக்கு உண்மையாகவே தோன்றியது. ஆச்சரியம், உடம்பு லேசாக இருந்தது.

ஃபொசுவா மெல்ல எழுந்தாள். ஒலிபெருக்கிக்காரனிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"நான் காலையில ரெண்டு தடவ ஓடைப் பக்கம் போயிட்டு வந்தேன்," என்றாள். "இசாகு ஒளறினது என் காதுக்கும் வந்துச்சு, அவன் டிராக்டர் வருதான்னு பாக்க. வந்திருந்தா இந்த மைக்குலயே ராணியோட மானத்த வாங்கியிருப்பேன். என்ன பேசணும்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன். நல்லா இருந்துச்சு அது."

பின் வரிசையில் சிவப்புத் துணி கட்டிய இசாகு குனிந்துகொண்டான்.

"டிராக்டர் வரல. ராணி எங்கக்காவுக்காக தன் முக்காலியவே பணயமா வெச்சுட்டு உக்காந்திருக்கா." அவள் குரல் கொஞ்சம் உடைந்து, பிறகு நிமிர்ந்தது. "எங்கக்கா உயிரோட இருக்கறப்போ தக்காளிய ஓடையில கொட்டறதப் பாத்தா, கொட்டறவ முதுகுல ஒண்ணு வெப்பா. இது துக்க வீட்டோட வார்த்தை. விடிஞ்சதும் பறிங்க. முதல்ல ஆலை வாசல், அப்புறம் லாரி. லாரிக்காரன் கத்தினா என்கிட்ட அனுப்புங்க."

பந்தல் முழுக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"இன்னும் முடியல," என்று தொடர்ந்தாள் ஃபொசுவா. "ஆலை வாசல்ல வெயில்ல நிக்கறதுக்கு எங்களுக்குத் தலையெழுத்தா? எடை போடற எடத்துல ஒரு கொட்டகை வேணும். அதுல அச்சியா பேர் இருக்கணும். மேடம் தலையாட்டறாங்களா இல்லையான்னு யாராச்சும் பாத்துச் சொல்லுங்க, எனக்கு வெயில்ல கண்ணு கூசுது."

அடோலே தலையாட்டினார், சிரித்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை, பனி விலகும் முன்பே டிராக்டர்களின் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் கேட்டது. நீலப் பெட்டிகள் போதவில்லை. பெண்கள் குளிக்கும் தொட்டியிலும், அலுமினியச் சட்டியிலும், ஒருத்தி குழந்தையின் தொட்டிலிலும் தக்காளி கொண்டு வந்தார்கள். ஆலை வாசலில் ஃபொசுவா இடுப்பில் கைவைத்து நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினாள். மலை குவித்த பெட்டியைப் பார்த்தால் உள்ளங்கையால் வழித்துத் தள்ளினாள். "மொட்டை! மொட்டையடி! இங்க மலை கெடையாது!"

டுஃபியே உள்ளே போகவில்லை. எப்போதும்போல் சந்தையில் தன் முக்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்தாள். முதலில் புகை ஒரு கம்பி மாதிரி எழுந்தது. பிறகு தடித்து, வெள்ளையாகச் சுருண்டு, கூரைகளுக்கு மேலே சாய்ந்து போனது. காற்றில் சமைக்கும் தக்காளியின் இனிப்பு வந்தது, ஊரே ஒரே பானையில் குழம்பு வைத்த மாதிரி. வங்கிக்காரர்களின் கார் மத்தியானம் சந்தையைக் கடந்து போனபோது, பின் கண்ணாடியில் அடோலேயின் கை உயர்ந்தது.

அந்த மழைக்காலம் ஓடையில் சிவப்பு மிதக்கவில்லை. இரண்டாவது இயந்திரம் துறைமுகத்தில் இறங்கிவிட்டதாகச் சேதி வந்த வாரத்தில் ஒரு நாள், நியார்கோ பெட்டிகளுக்கு நடுவே வந்தான். காலில் ரப்பர்ச் செருப்பு. முக்காலி போட்டதும் உட்கார்ந்தான். தண்ணீர் வந்ததும் கடைசிச் சொட்டு வரை குடித்து, குவளையைத் திருப்பிக் கொடுத்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தான்.

வரிசை முழுக்க அவனைப் பார்த்தது.

டுஃபியே வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தாள். பிறகு கேட்டாள்: "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். வழி நடந்து வந்தவன் நீ. சேதி என்ன?"

"ராணியம்மா," என்றான் நியார்கோ, "வந்த தக்காளிய வெக்க எடமில்ல. மெஷின் திணறுது. புதுசு வந்து சேர்ற வரைக்கும், ஒரே ஒரு நாள்... சந்தைய மூட முடியுமா?"

ஃபொசுவா எதிர் வரிசையிலிருந்து கையிலிருந்த தக்காளியை அவன் மடியில் எறிந்தாள்.

"அதுக்கு யாராவது சாகணும்டா தம்பி," என்றாள். "நாங்க யாரும் இப்போதைக்கு போறதா இல்ல."